சேமிப்பு நம் வீட்டிலா, மின்கட்டமைப்பிலா: கூரைச் சூரிய மின்சாரத்தில் இரண்டு வழிகள்

மதுரையில் மொட்டை மாடியில் சோலார் போட விலை கேட்டால் பெரும்பாலும் இரண்டு மதிப்பீட்டுத் தாள்கள் கைக்கு வரும். ஒன்று ஆன்-கிரிட்: பகலில் விளையும் மின்சாரத்தை வீடு எடுத்துக்கொண்டது போக மிச்சம் தெருக் கம்பிக்குப் போகும், இரவில் கம்பியிலிருந்து எடுத்துக்கொள்வோம், இரண்டையும் ஒரே மீட்டர் கணக்கு வைக்கும். மற்றொன்று ஹைப்ரிட்: மிச்சம் முதலில் வீட்டில் வைத்திருக்கும் பேட்டரிக்குப் போகும், அது நிறைந்த பிறகே வெளியே போகும். ஆனையூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, பேட்டரி இல்லாத மூன்று கிலோவாட் ஆன்-கிரிட் அமைப்பையே தேர்ந்தெடுத்தோம். அந்தத் தேர்வு சரியென்றே நினைக்கிறேன். ஆனால் அது சரியாக இருப்பது மாநில அரசின் மின்கொள்கை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பொறுத்தது என்பதால், கொள்கையையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

வெயில் இங்கே குறைவில்லை. ஒரு கிலோவாட் தகடு சராசரியாக நாளொன்றுக்கு நான்கு யூனிட் தரும் என்பது இரண்டு வழிக்கும் பொது. மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் (2024 பிப்ரவரியில் ஒப்புதல் பெற்றது) முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும் மூன்றாவதற்கு 18,000 ரூபாயுமாக, அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம் கிடைப்பதும் பொதுவானதே. மானியம் தகட்டின் அளவுக்குத்தான். பேட்டரிக்கு அதில் ஒரு ரூபாயும் கிடையாது. எங்களுக்கு வந்த மதிப்பீடுகளில் மூன்று கிலோவாட் ஆன்-கிரிட் மானியத்துக்கு முன் இரண்டு லட்சத்துக்கு முன்பின்னாகவும், ஐந்து யூனிட் கொள்ளும் லித்தியம் பேட்டரியோடு சேர்ந்த ஹைப்ரிட் அதைவிட ஒரு லட்சத்துக்கும் கூடுதலாகவும் இருந்தன.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது சேமிப்பின் விலைதான்.

கோடையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 700 யூனிட் ஆகிறது. மூன்று கிலோவாட் தகடும் ஏறத்தாழ அதே அளவைத் தருகிறது. சிக்கல் நேரத்தில் இருக்கிறது. தகடு நண்பகலில் தருகிறது; ஏசியும் மின்விசிறிகளும் கேட்பது இரவில். விளைவதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் பகலிலேயே செலவிட முடிகிறது. மீதி இரண்டு பங்கை எங்காவது வைத்திருந்து இரவில் எடுக்க வேண்டும். நெட் மீட்டர் முறையில் அந்த வேலையை மின்கட்டமைப்பே செய்துவிடுகிறது: பகலில் கொடுத்த யூனிட் இரவில் எடுத்த யூனிட்டில் கழிகிறது, கழிந்தது போக மிஞ்சினால் அடுத்த பில்லுக்குப் போகிறது. இதற்கு நாங்கள் தனியாக எந்த முதலீடும் செய்யவில்லை.

அதே வேலையைப் பேட்டரி செய்தால் என்ன செலவாகும்? ஒன்றேகால் லட்சம் ரூபாய்க்கு வாங்கிய ஐந்து யூனிட் பேட்டரி பத்து ஆண்டுகள் நாள் தவறாமல் நிறைந்து காலியாகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஏற்றி இறக்குவதில் வீணாவதும் ஆண்டாக ஆகக் கொள்ளளவு குறைவதும் போக, சுமார் 16,000 யூனிட் அதன் வழியாக வந்து போகும். அப்படியானால் ஒவ்வொரு யூனிட்டையும் பகலிலிருந்து இரவுக்கு நகர்த்த ஏழரை ரூபாய்க்கு மேல் ஆகிறது. தமிழ்நாட்டின் வீட்டுக் கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 400 வரை யூனிட் ஐந்து ரூபாய்க்குள். 500ஐத் தாண்டினால்தான் எட்டு ரூபாய்க்கு மேல் போகிறது, அதோடு 101 முதல் 200 வரையிலான சலுகையும் போய்விடுகிறது. சோலார் போட்ட வீடு பகல் செலவைக் கழித்த உடனேயே 500க்குக் கீழே வந்துவிடும். அதன் பிறகு பேட்டரி மிச்சப்படுத்துவது மலிவான அடுக்குகளில் இருக்கும் யூனிட்டுகளை மட்டுமே, அவற்றில் எதுவும் ஏழு ரூபாயைத் தாண்டாது. ஏழரை ரூபாய் செலவழித்து ஐந்து ரூபாயை மிச்சம் பிடிப்பது எந்த வீட்டுக்கும் கட்டாது. நெட் மீட்டரே இல்லாமல் போனால்கூட, இன்றைய பேட்டரி விலையில் இந்தக் கணக்கு அவ்வளவாக மாறாது.

பராமரிப்பையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய இன்வெர்ட்டரின் ட்யூபுலர் பேட்டரியோடு பல வருடம் வாழ்ந்தவர்களுக்கு இது தெரியும். மிதவைக் குச்சி சிவப்புக் கோட்டுக்கு இறங்கும்போதெல்லாம் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். முனையில் பூக்கும் நீலப் பச்சைப் பொடியை வெந்நீரில் கழுவித் துடைத்து வாசலின் தடவ வேண்டும். கத்திரி வெயிலில் மாடிப்படிக்குக் கீழே புழுங்கிக் கிடக்கும் பேட்டரியின் ஆயுள் அட்டையில் போட்டிருப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். லித்தியம் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை என்பது பெரிய நன்மை. ஆனால் அதை எங்கள் வீட்டில் பயன்படுத்தியதில்லை, பத்து வருடம் மதுரை வெயிலில் வைத்துப் பார்த்தவர் யாரும் என் பழக்கத்திலும் இல்லை. ஆகவே மேலே சொன்ன பத்து ஆண்டை உத்தரவாதத் தாள் சொல்லும் கணக்கு என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆன்-கிரிட்டில் பராமரிப்பு என்பது தகட்டைக் கழுவுவது மட்டுமே. அதிலும் இந்த ஊரில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. போர் தண்ணீர் பல பகுதிகளில் உப்பு. வெயிலேறிய பிறகு அதைப் பீய்ச்சினால் கண்ணாடியில் வெள்ளைத் திட்டுகள் காய்ந்து படிந்துவிடுகின்றன, பிறகு அவை தூசியைவிட மோசமாக வெளிச்சத்தை மறைக்கின்றன. விடிகாலையில், தகடு சூடேறும் முன், நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைப்பதே போதுமானது.

ஆன்-கிரிட்டின் குறையை மறைக்கக் கூடாது. கம்பியில் மின்சாரம் போனால் தகடும் நின்றுவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு மின்சாரத்தை நிறுத்தினால், தலைக்கு மேல் வெயில் கொளுத்தினாலும் வீட்டில் விசிறி ஓடாது. இது கருவியின் கோளாறு இல்லை. கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் மீது நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே இன்வெர்ட்டர் அப்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அந்த நாளில் இழப்பது அதிகம் போனால் பன்னிரண்டு யூனிட். மின்தடைக்கென்று நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு பழைய இன்வெர்ட்டரும் ஒற்றைப் பேட்டரியும்தான்; நான்கு விளக்கு, மூன்று விசிறிக்கு அது தனிச் சுற்றில் ஓடுகிறது. மின்தடைக்கு வேண்டிய சேமிப்பு வேறு, ஒவ்வொரு இரவுக்கும் வேண்டிய சேமிப்பு வேறு. விற்பனையாளர்கள் இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசுவதால்தான் பலர் தேவைக்கு மேல் பேட்டரி வாங்கிவிடுகிறார்கள்.

ஹைப்ரிட் சரியாகப் பொருந்தும் இடங்களும் உண்டு. வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டியிலோ வேறு மருத்துவக் கருவியிலோ ஒருவர் இருந்தால் கணக்குப் பார்க்க இடமே இல்லை. உசிலம்பட்டிக்கும் பேரையூருக்கும் அப்பால், நீண்ட மின்பாதையின் கடைக்கோடியில் இருக்கும் வீடுகளில் கோடை மழைக் காற்றில் மணிக்கணக்கில் மின்சாரம் போவதும், மாலையில் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் உறுமுவதும் நடக்கிறது என்றால், அங்கேயும் பேட்டரிக்கு நியாயம் இருக்கிறது. கடைகளுக்கும் சிறு தொழிற்கூடங்களுக்கும் கணக்கே வேறு. மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2021 விதிமுறைகள் நெட் மீட்டரை வீடுகளுக்குத்தான் தருகின்றன. மற்றவர்கள் கொடுக்கும் மிச்ச மின்சாரத்துக்குத் தனி விலை, அது வாங்கும் விலையைவிட மிகக் குறைவு. உயரழுத்த இணைப்புக்கு உச்ச நேரத்தில் 25 சதவீதம் கூடுதல் கட்டணமும் சேர்கிறது. கப்பலூர் தொழிற்பேட்டையில் கூரை வைத்திருப்பவருக்கு என் வீட்டுக் கணக்கு உதவாது.

இங்கேதான் கொள்கை வருகிறது. என் வீடு நண்பகலில் கம்பிக்குத் தரும் யூனிட்டும் இரவு எட்டு மணிக்கு எடுக்கும் யூனிட்டும் மீட்டரில் சமம். ஆனால் மின்கட்டமைப்புக்கு அவை சமமல்ல. கமுதியில் 2016இல் வந்த 648 மெகாவாட் சூரிய மின்பூங்கா முதல் மொட்டை மாடிகள் வரை எல்லாமே ஒரே நேரத்தில் கொடுக்கின்றன. எல்லாமே ஒரே நேரத்தில் நின்றுவிடுகின்றன. ஆண்டிபட்டிக் கணவாயிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலைகளை ஓட்டும் காற்று மே முதல் செப்டம்பர் வரை நன்றாக வீசும், மற்ற மாதங்களில் அதை நம்பியிருக்க முடியாது. 2024 மே 2ஆம் தேதி மாநிலத்தின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. சூரியன் இறங்கிய பிறகு வரும் தேவையை நிலக்கரியும், சந்தையில் அதிக விலைக்கு வாங்கும் மின்சாரமும்தான் பெரும்பாலும் தாங்குகின்றன. நெட் மீட்டர் வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்காக இந்தச் செலவில் ஒரு பங்கை மின்பகிர்மானக் கழகம் சுமக்கிறது, அதாவது கூரையே இல்லாமல் மாசி வீதிச் சந்துகளில் வாடகைக்கு இருப்பவரும் சுமக்கிறார். இதை ஒப்புக்கொள்ளாமல் நெட் மீட்டருக்காக வாதாடுவது நேர்மையாகாது.

இதற்கு இரண்டு விடைகள் இருக்கின்றன. ஒன்று, சேமிப்பை வீடுகள் மீதே தள்ளுவது: நெட் மீட்டரை எடுத்துவிட்டு, மிச்சத்துக்குக் குறைந்த விலை கொடுத்தால், வசதி உள்ளவர் பேட்டரி வாங்குவார், மற்றவர் சோலாரையே விட்டுவிடுவார். 2019 சூரியசக்திக் கொள்கை ஏறத்தாழ இந்தத் திசையில்தான் போனது. கொடுத்த யூனிட்டுக்கு மூன்று ரூபாய்க்கும் குறைவாகவே கணக்கிட்டதால் வீடுகளுக்கு ஆர்வம் எழவில்லை. 2021இல் நெட் மீட்டர் வீடுகளுக்குத் திரும்பி வந்த பிறகே நடுத்தரக் குடும்பங்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளத் தொடங்கின. மற்ற விடை, சேமிப்பை அரசே பெரிய அளவில் கட்டுவது. இது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஆனைமலையில் காடம்பாறை நீரேற்று நிலையம் 400 மெகாவாட் திறனோடு 1980களின் இறுதியிலிருந்து இயங்குகிறது. மின்சாரம் மிகுந்திருக்கும்போது தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, பற்றாக்குறை நேரத்தில் கீழே விட்டுச் சுழலிகளை ஓட்டுகிறார்கள். நீலகிரியில் 500 மெகாவாட் குந்தா நீரேற்றுத் திட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டுகொண்டே போனது பெரிய வருத்தம். 2024இல் நீரேற்றுத் திட்டங்களுக்கென மாநிலம் தனிக் கொள்கை வெளியிட்டிருப்பதும், பசுமை எரிசக்திக் கழகம் பெரிய பேட்டரி நிலையங்களுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியிருப்பதும் சரியான திசை.

ஊருக்கு ஒரு கண்மாய் வெட்டிப் பராமரிப்பதும், வீட்டுக்கு வீடு தொட்டி கட்டிக்கொள்ளச் சொல்வதும் ஒன்றல்ல. துணைமின் நிலையத்தில் வைக்கும் பேட்டரிக்கு யூனிட் செலவு குறைவு, பராமரிக்கப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள், அதன் பயன் கூரை இல்லாதவருக்கும் போகிறது. ஆயிரம் வீடுகளில் ஆயிரம் பேட்டரி இருந்தால், ஒவ்வொன்றும் அந்தந்த வீட்டின் இரவுக்கு மட்டுமே. அதனால்தான், வீடுகளுக்கு நெட் மீட்டர் தொடர வேண்டும், அதற்கு ஈடாக எங்களைப் போன்றவர்களிடம் கம்பியைப் பயன்படுத்துவதற்கு நியாயமான சிறு கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தைத் துணைமின் நிலையச் சேமிப்புக்கே ஒதுக்கினால் எதிர்க்கக் கூடாது என்பது என் நிலை. அந்தக் கட்டணம் சோலாரின் பயனையே விழுங்கும் அளவுக்குப் போகக் கூடாது.

என் தேர்வை மாற்றக்கூடிய ஒரே விஷயம், வீடுகளுக்கும் நேரத்துக்கேற்ற கட்டணம் வருவதுதான். ஸ்மார்ட் மீட்டர் பரவிய பிறகு மாலை ஆறு முதல் பத்து வரை யூனிட் பத்து ரூபாய்க்கு மேலும், நண்பகலில் இரண்டு மூன்று ரூபாயுமாக ஆகிவிட்டால், ஏழரை ரூபாய்ப் பேட்டரி அப்போது கட்டுபடியாகும். அதற்குள் பேட்டரி விலையும் இறங்கியிருக்கக்கூடும். ஆகவே இப்போது ஆன்-கிரிட் போடுகிறவர்கள், பின்னாளில் பேட்டரி சேர்த்துக்கொள்ளும் வசதியுள்ள இன்வெர்ட்டர் சில ஆயிரம் ரூபாய் வித்தியாசத்தில் கிடைக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்; வித்தியாசம் அதற்கு மேல் போனால் வேண்டாம். அளவைப் பொறுத்தவரை, முதல் கிலோவாட்தான் மிகவும் விலை உயர்ந்த யூனிட்டுகளைக் கழிக்கிறது, மூன்றாவது கிலோவாட் கழிப்பது பெரும்பாலும் மலிவானவற்றையே. இரண்டு மாதத்துக்கு 400 யூனிட்டுக்குள் செலவாகும் வீட்டுக்கு மூன்று கிலோவாட் தேவையில்லை. விண்ணப்பிக்கும் முன் மின்கட்டண அட்டையில் அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு என்று பாருங்கள். தகட்டின் அளவு அதைத் தாண்ட முடியாது, பளுவை உயர்த்த வேண்டியிருந்தால் அந்தச் செலவையும் மதிப்பீட்டில் சேர்த்தே பேசுங்கள்.