சேலத்து வீட்டுத் தொட்டிக்கு மென்பவளமா, கல்பவளமா, இராட்சதச் சிப்பியா?

சித்திரை மாதப் பிற்பகலொன்றில், ஃபேர்லண்ட்ஸ் வீட்டுக் கூடத்தில் இருக்கும் என் கடல்நீர்த் தொட்டியின் வெப்பமானி 31 டிகிரியைத் தொட்டபோதுதான், எதை வளர்ப்பது என்ற கேள்விக்கு உயிரினத்தின் அழகைவிட ஊரின் வெயிலே முதலில் விடை சொல்கிறது என்பது எனக்கு உறைத்தது. மென்பவளங்களுள் பல, கல்பவளங்களுள் பெரும்பாலானவை, இராட்சதச் சிப்பிகள் ஆகிய எல்லாமே தம் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசி சமைத்துத் தரும் உணவை நம்பி வாழ்கின்றன. நீர் சூடேறினால் அந்தப் பாசி வெளியேறி, உடல் வெளுத்துவிடும். 24 முதல் 27 டிகிரி வரை பாதுகாப்பான எல்லை.

இவற்றைப் பிரித்தறிய உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று போதும். மென்பவள வகையான தோல் பவளத்தின் ஒவ்வொரு பாலிப்பிலும், அதாவது பவளமாகச் சேர்ந்து வாழும் ஒவ்வொரு சிற்றுயிரிலும், இறகுபோல் பிளவுபட்ட 8 கொம்புகள் இருக்கும். கல்பவளத்தில் அவை பெரும்பாலும் ஆறின் மடங்காகவும் பிளவில்லாமலும் அமைந்து, அடியில் சுண்ணாம்புக் கூடு கெட்டியாகத் தெரியும். காளான் பவளம் கல்பவளத்தின் நெருங்கிய உறவு என்றாலும் அதற்குக் கூடு கிடையாது. சிப்பிகளில், ஓட்டின்மேல் அகன்ற செதில்கள் இடைவெளிவிட்டு நிற்பது ஸ்குவாமோசா, விளிம்பருகே செதில்கள் நெருங்கியிருப்பது மேக்சிமா, ஏறத்தாழ வழவழப்பாக 15 செ.மீ. அளவில் நின்றுவிடுவது குரோசியா.

கல்பவளத்துக்கும் சிப்பிக்கும் கூடும் ஓடும் வளர வேண்டியிருப்பதால், லிட்டருக்கு 400 முதல் 450 மி.கி. கால்சியமும், ஏறி இறங்காத காரத்தன்மையும், வலுவான ஒளியும் நாள் தவறாமல் வேண்டும். நம் ஊர் ஆழ்குழாய் நீர் கடினமானதுதானே, அதிலேயே கால்சியமும் மக்னீசியமும் இருக்குமே என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அந்த நீரோடு நைட்ரேட்டும் பிற உப்புகளும் கணக்கின்றிச் சேர்ந்துவிடும் என்பதால், மேட்டூர்க் குழாய் நீரானாலும் ஆழ்குழாய் நீரானாலும் ஆர்.ஓ. வழியே சுத்திகரித்த பின்னரே கடலுப்பு கலக்க வேண்டும். செம்பு சிறிதளவு கலந்தாலும் சிப்பி பிழைக்காது.

இராட்சதச் சிப்பியின் ஈர்ப்பை நான் மறுக்கவில்லை. ஒரு தொட்டியின் மேல் என் கை நிழல் விழுந்த நொடியில், ஓட்டுக்கு வெளியே விரிந்து நீலப் புள்ளிகள் மின்னிய அதன் மேலுறை என்னும் மென்தசை உள்ளிழுக்கப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். மேலுறையின் விளிம்பில் வரிசையாக அமைந்த சிறு கண்கள் அந்த நிழலை உணர்ந்துவிட்டன. ஆயினும் மேக்சிமா, ஸ்குவாமோசா சிப்பிகளும் கல்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. மன்னார் வளைகுடாப் பாறையிலிருந்து பெயர்த்த ஓர் உயிரை நம் கூடத்தில் வைத்து இரசிப்பதை என் மனம் ஏற்காது.

ஆகவே என் தேர்வு காளான் பவளமும் தோல் பவளமுமே. மிதமான ஒளியே இவற்றுக்குப் போதும்; நீரில் சிறிது நைட்ரேட் இருந்தாலும் தாங்கும். சேலத்து வறண்ட காற்றில், நீர்ப்பரப்பின்மேல் வீசும் சிறு மின்விசிறியே வெப்பத்தை 2, 3 டிகிரி குறைத்துவிடுகிறது. ஆவியாகும் நீருக்கு ஈடாக உப்பில்லாத ஆர்.ஓ. நீரையே ஊற்ற வேண்டும். ஏற்காட்டில் வசிப்போருக்கு அந்த விசிறியின் தேவை குறைவு, மார்கழி இரவுகளுக்கு ஹீட்டர்தான் வேண்டும். பொத்தான் பவளமும் எளிதில் வளரும். ஆனால் அவற்றுள் சில வகைகளில் பாலிடாக்சின் என்னும் கடும் நஞ்சு இருப்பதால், கையுறையின்றித் தொடுவதோ அவை ஒட்டிய கல்லைக் கொதிக்கவைப்பதோ கூடாது.

தோல் பவளம் சில நாட்கள் சுருங்கி, மெழுகு பூசினாற்போல் மங்கிக் கிடந்தால் இறந்துவிட்டதென்று எடுத்தெறிய வேண்டாம். அது தன் மேற்படலத்தை உரிக்கிறது; நீரோட்டத்தைச் சற்றுக் கூட்டிவிட்டுக் காத்திருந்தால் படலம் கழன்று பாலிப்புகள் மீண்டும் விரியும். என்னுடையது ஆறாம் நாள் காலையில் விரிந்தது.