யாழ்ப்பாணத்திலிருந்து கோல்ஃப்: சீனக்குடாவா, திகனவா, நுவரெலியாவா?

கனடாவில் அத்தான் இருக்கும் வீடு கோல்ஃப் மைதானத்தைச் சுற்றிக் கட்டிய ஒரு வீட்டுத்திட்டத்துக்குள் இருக்கிறது. வேலை முடிந்து வந்து, சப்பாத்தை மாற்றி, பின்கதவால் இறங்கி 9 குழி அடித்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் நிற்பார். "மலிவுதான் தம்பி, குடும்பத்தோட படம் பார்க்கிற காசு" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த மூன்றாம் நாளே கேட்டார்: "இங்க கிட்டடியில ஒரு கோர்ஸ் இல்லையோ?"

இல்லை. குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறும் இல்லை, வெங்காயத்துக்கே கிணற்று நீரை எண்ணி இறைக்கிற ஊரில் புல்லுக்கு ஊற்ற யார் விடுவார்கள். நான் தட்டிப் பழகியது தரவையில், மாடுகள்தான் பார்வையாளர்கள். ஆகவே ஒரு முழு ஆட்டம், அதாவது 18 குழி ஆட வேண்டுமென்றால் ஏ9 வீதியில் ஏறியே ஆக வேண்டும். மூன்று இடங்களை வைத்துக் கணக்குப் பார்த்தோம். கொழும்பை இதில் சேர்க்கவில்லை. றோயல் கொழும்பு கோல்ஃப் கிளப் 1879-இல் தொடங்கியது, களனிவெளி ரயில் பாதை மைதானத்துக்குள்ளேயே போகும், வடிவான இடம்தான். ஆனால் இரவு பஸ்ஸில் நித்திரையைத் தொலைத்துவிட்டுக் காலையில் மட்டை பிடிக்கிற வயது அத்தானுக்குப் போய்விட்டது. அம்பாந்தோட்டையைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம், நாட்டின் மற்ற முனை.

முதலில், இந்த மூன்றில் எங்களுக்குக் கிட்ட இருப்பது திருகோணமலை சீனக்குடா. விமானப்படை நடத்துகிற 18 குழி மைதானம், பக்கத்திலேயே குடாவின் தண்ணீர். வவுனியா வரைக்கும் ஏ9, பிறகு ஹொரவப்பொத்தானை வழியாக இறங்கினால் வான் ஒன்றில் ஐந்து மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு நேரம் எடுத்து, அடையாள அட்டையோடு போங்கள். படைமுகாம் பக்கம் விளையாடப் போவதா என்று எங்கள் வீட்டிலேயே ஒரு முகச்சுளிப்பு இருந்தது, அது அவரவர் மனதைப் பொறுத்தது, நான் அதற்குள் போகவில்லை. நிலம் பெரும்பாலும் மட்டம் என்பதால் நடந்தே முடிக்கலாம், மைதானத்துக்குள் ஓடுகிற கோல்ஃப் வண்டிக் காசு மிச்சம். தொல்லை வெயிலும் காற்றும்தான். எங்களுக்குச் சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசுகிற மாதங்களில் அங்கே கச்சான் காற்று அனல் மாதிரி அடிக்கும், நேராக அடித்த பந்தையும் பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும். காலை ஆறரைக்குத் தொடங்கிப் பத்தரைக்குள் முடித்துவிடுங்கள். மழை ஐப்பசியிலிருந்து தை வரைக்கும்தான், எங்கள் ஊர்க் கணக்கேதான்.

இரண்டாவது கண்டிப் பக்கம் திகன, ராஜவெல்லவில் இருக்கும் விக்டோரியா மைதானம். அத்தானின் வீட்டுத்திட்ட மைதானத்துக்கு நாட்டில் கிட்ட வருவது இதுதான். வளாகத்துக்குள்ளேயே வீடுகள், தங்குவதற்கு இடம், நடுவில் மைதானம். டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்து 1999-இல் திறந்தது, பார் 73 (அதாவது கைதேர்ந்தவர் 18 குழியையும் முடிக்க எடுக்கும் அடிகள்). விக்டோரியா நீர்த்தேக்கம் மூன்று பக்கமும் சுற்றிக் கிடக்கிறது, அக்கரையில் நக்கிள்ஸ் மலை. வடிவுக்கு இதை அடிக்க மற்ற இரண்டும் இல்லை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஏற்ற இறக்கம் பொல்லாதது. நடந்தே முடிக்கலாம் என்று வீறாப்பாகத் தொடங்கிய நான் பதினோராவது குழியில் ஒரு பாறையில் குந்திவிட்டேன். வண்டி எடுக்கத்தான் வேண்டும், அந்தக் காசையும் கணக்கில் போடுங்கள். பந்து ஆறு தொலைந்தது. ஏ9 கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணம் வரைக்கும் 321 கிலோமீற்றர், அதற்கு மேல் திகனவுக்கும் போக வேண்டும், ஆகவே ஓர் இரவு தங்காமல் முடியாது. இங்கேதான் ஒரு சூட்சுமம்: தனி ஆளாகப் போனால் மூன்றிலும் கை கடிக்கிறது இதுதான், இரண்டு குடும்பமாகப் போய்த் தங்குமிடத்தைப் பங்கு போட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். விளையாடாத ஆக்களுக்கும் அங்கே பொழுது போகும், அக்கா ஒரு முறைப்பாடும் சொல்லவில்லை, அது சின்ன விசயமில்லை.

மூன்றாவது, நுவரெலியா கோல்ஃப் கிளப். 1889-இல் வெள்ளைக்காரன் தொடங்கியது. ஊர் நடுவிலேயே இருப்பதால் பஸ்ஸில் இறங்கி நடந்தே போகலாம். 1,800 மீற்றருக்கு மேலே காற்று மெலிவு என்பதால் பந்து கொஞ்சம் கூடப் பறக்க வேண்டும். குளிரில் விறைத்த கை அதைத் திருப்பி எடுத்துவிடுகிறது. இரண்டு பக்கமும் பெரிய மரங்கள், பாதை ஒடுக்கம், வளைத்து அடிக்கிறவனுக்கு இது மைதானமே இல்லை. சித்திரையில் போகாதீர்கள், குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியுமாக அறை வாடகை கூரையில் நிற்கும். ஆவணியில் போனால் மழை.

காசைப் பற்றி ஒன்று. மைதானக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு மலிவு என்று புறப்படாதீர்கள். மட்டை வாடகை, பந்து, பை தூக்குகிறவருக்கான காசு (கேடி என்பார்கள், அம்மா அதைக் கேட்டுப் பயந்துவிட்டார்), எல்லாவற்றையும் போனிலேயே கேளுங்கள். உள்ளூர் ஆளுக்கும் வெளிநாட்டுப் பாஸ்போட் காரருக்கும் வேறு விலையா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், அத்தானுக்கு அங்கேதான் இடித்தது. வாடகை மட்டைகளை வாங்கியவுடன் பிடியைத் திருகிப் பாருங்கள். ஓர் இடத்தில், எந்த இடம் என்று சொல்லவில்லை, எனக்குத் தந்த மட்டையின் தலை பந்தைவிடத் தூரம் போனது. சட்டப்படி 14 மட்டை வரை கொண்டுபோகலாம், எங்களைப் போன்றவர்களுக்கு ஏழு போதும்.

என் தெரிவு: வருசத்தில் இரண்டு மூன்று தரம் ஆட வேண்டுமென்றால் சீனக்குடாதான், விடியப்புறம் புறப்படாமல் முதல் நாளே திருமலையில் சொந்தக்காரர் வீட்டில் படுத்துவிட்டால் செலவும் பாதி. வெளிநாட்டிலிருந்து ஆக்கள் வந்து வான் நிறையக் குடும்பம் இருந்தால் திகன. நுவரெலியாவுக்குச் சுற்றுலா போனால், மட்டையும் அங்கேயே வாடகைக்குக் கிடைத்தால், ஆடிவிட்டு வாருங்கள், கோல்ஃபுக்கென்றே அந்த மலை ஏற வேண்டாம். அத்தான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த முறையும் திகனதானாம், அந்த ஆறு பந்தில் நான்கு அவருடையது.