நெஃப்ட் சேவை: வேலூரிலிருந்து பணம் அனுப்புவோருக்கு

ஆம்பூர் தோல் வியாபாரிக்கும், வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்து லாட்ஜில் தங்கி ஊர்ப் பணத்துக்குக் காத்திருப்பவருக்கும் நெஃப்ட் (ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொரு வங்கிக் கணக்குக்கு மின்னணு வழியில் பணம் அனுப்பும் முறை) நம்பிக்கையான சேவை. 2019 டிசம்பர் 16 முதல் ஞாயிறு, பண்டிகை என்று பாராமல் 24 மணி நேரமும் ஓடுகிறது. ஆனால் அரை மணிக்கொரு பேட்ச்சாக, அதாவது பலருடைய பணமும் ஒரே தொகுப்பாகச் சேர்ந்துதான் போகும். இதுபோல வேறு இரண்டு முறைகளும் உண்டு: உடனே போய்ச் சேர வேண்டுமென்றால் ஐஎம்பிஎஸ்; 2 லட்சமும் அதற்கு மேலும் என்றால் ஆர்டிஜிஎஸ்.

தகராறு பெரும்பாலும் பணம் போய்ச் சேர வேண்டிய வங்கிக் கிளையைக் காட்டும் ஐஎஃப்எஸ்சி கோடில்தான். மொத்தம் 11 இடம். முதல் நான்கு எழுத்து வங்கியைக் குறிக்கும், கடைசி ஆறு கிளையை. நடுவில் நிற்கும் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். சலானில் அந்தக் கட்டத்தில் பலர் 'ஓ' என்ற ஆங்கில எழுத்தைப் போட்டுவிடுகிறார்கள். காசோலையின் அடியில் இருக்கும் 9 இலக்க எம்ஐசிஆர் எண்ணை எழுதித் தருகிறவர்களும் உண்டு. அது காசோலை கிளியரிங்குக்கானது, இங்கே செல்லாது.

பழைய பாஸ்புக்கைப் பார்த்து எழுதவே எழுதாதீர்கள். அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் கனராவோடும் 2020 ஏப்ரல் 1 அன்று இணைந்தன. லட்சுமி விலாஸ் வங்கி அதே ஆண்டு நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைந்தது. அந்தக் கிளைகளுக்கெல்லாம் இப்போது புதுக் கோடு.

இதைவிடப் பெரிய ஆபத்து கணக்கு எண். பணம் வரவு வைக்கப்படுவது எண்ணை மட்டும் பார்த்து. பெயர் பொருந்துகிறதா என்று வங்கி பார்க்க வேண்டிய கட்டாயமில்லை. எண் யாருடையதும் இல்லையென்றால் பணம் திரும்பிவிடும். ஒரு இலக்கம் மாறி அது வேறொருவர் கணக்காக இருந்துவிட்டால், அவர் சம்மதித்தால்தான் மீட்க முடியும். அனுப்புமுன் பயனாளியின் பெயரைக் காட்டும் வசதி 2025 ஏப்ரல் முதல் நெஃப்டுக்கும் ஆர்டிஜிஎஸ்ஸுக்கும் வந்திருக்கிறது, கட்டணமில்லை. பல வருஷம் முன்பே வந்திருக்க வேண்டியது! பெரிய தொகை என்றால் முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்வதும் நல்லது.

சேமிப்புக் கணக்கிலிருந்து ஆன்லைனில் நெஃப்ட் அனுப்பக் கட்டணம் கிடையாது. கவுன்டரில் 10,000 ரூபாய் வரை அதிகபட்சம் 2.50, இரண்டு லட்சத்துக்கு மேல் 25, ஜிஎஸ்டி தனி.

பணம் சேரவில்லையா? யுடிஆர் எண்ணை (ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் வங்கி தரும் தனி அடையாள எண்) கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பேட்ச் முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் வரவு வைக்க வேண்டும், இல்லையேல் திருப்பி அனுப்ப வேண்டும். தாமதமானால் ரெப்போ விகிதத்தோடு (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி விகிதம்) 2 சதவீதம் சேர்த்து வட்டி தர வேண்டியது வங்கியின் கடமை. எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் தீரவில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.