பழைய எச்.ஓ. டீசல் எஞ்சின்: ஆதெர்னா, புரோட்டோ 2000-ஆ, காட்டோவா?

செகண்ட் ஹேண்டில் அமெரிக்க எச்.ஓ. (1:87 அளவு) மாடல் ரயில் டீசல் எஞ்சின் தேடுபவர் கண்ணில் திரும்பத் திரும்பப் படுபவை மூன்று: நீலப் பெட்டியில் வந்த ஆதெர்ன், லைஃப்-லைக் நிறுவனத்தின் புரோட்டோ 2000, ஜப்பானின் காட்டோ. அட்லஸ் கம்பெனிக்குக் காட்டோ செய்துகொடுத்த 1980-களின் எஞ்சின்களையும் மூன்றாவதில் சேர்த்துக்கொள்ளலாம். நல்ல நிலையில் மூன்றுமே ஓடும். கோளாறு வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். ஆகவே வண்ணத்தையும் கைப்பிடிக் கம்பிகளையும் பார்த்து மயங்காமல், எது எங்கே மக்கர் செய்யும் என்று பார்த்து வாங்குங்கள். எடுத்து வைத்ததும் ஓட வேண்டும் என்பவருக்குக் காட்டோ. பிரித்துப் பார்க்கும் ஆசை உள்ளவருக்கு ஆதெர்ன். அழகில் புரோட்டோ 2000-தான் முந்தும். கியர் மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேச முடிந்தால் அதையும் வாங்கலாம்.

எதுவானாலும் இரண்டு சோதனைகளை முதலில் செய்துவிட வேண்டும். மேல்கூட்டைக் கழற்றி, 12 வோல்ட் டி.சி.யை நேராக மோட்டார் முனைகளில் கொடுங்கள் (டிஜிட்டல் கட்டளையை வாங்கி மோட்டாரை ஓட்டும் சின்ன மின்பலகையான டிகோடர் இருந்தால் அதன் இணைப்பைக் கழற்றிவிட்டு). மோட்டார் சீராகச் சுற்றினால் அதில் குற்றமில்லை. கோளாறு தண்டவாளத்துக்கும் மோட்டாருக்கும் இடையில் இருக்கிறது. அடுத்து, எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்து, ஒரு போகியின் (எஞ்சினுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் பகுதி) சக்கரங்களுக்கு அடியில் மட்டும் காகிதத் துண்டைச் செருகிப் பார்க்கவும். பிறகு மற்ற போகிக்கு மாற்றவும். ஒரு போகியை மறைக்கும்போது எஞ்சின் நின்றுவிட்டால், மறைக்காத மற்ற போகி சரியாக மின்சாரம் எடுக்கவில்லை என்று அர்த்தம். வாங்கும் இடத்திலேயே இதைச் செய்து பார்க்கலாம், கடைக்காரர் முகம் சுளித்தாலும்.

ஆதெர்னில் வயர் குறைவு, தகடு அதிகம். ஒரு பக்கத் தண்டவாளத்தின் மின்சாரம் போகித் தகட்டிலிருந்து சேஸிஸுக்கு (உலோக அடிச்சட்டம்) வந்து, சேஸிஸ் வழியே மோட்டாரின் அடிக் கிளிப்பைத் தொடும். மறுபக்கத்து மின்சாரம், போகியிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டுக்கு ஏறி, மோட்டாருக்கு மேலே கிடக்கும் நீளமான பட்டை வழியாக மேல் கிளிப்புக்குப் போகும். எங்கும் சால்டர் கிடையாது. எல்லாம் அழுத்தத்தில் ஒட்டி நிற்பவை. நாளடைவில் அந்த இடங்கள் கறுத்துவிடும். எஞ்சின் விட்டுவிட்டு ஓடும், விளக்கு மினுக்கும், பட்டையை விரலால் அழுத்தினால் சட்டென்று பாயும். மோட்டார் போய்விட்டது என்று நினைத்துப் பலர் மலிவாக விற்பது இப்படிப்பட்ட எஞ்சின்களைத்தான்.

இதற்கு வழி, அந்தப் பட்டையைத் தூக்கிப்போட்டுவிட்டு, இரு போகிகளின் மேல் தகடுகளையும் மேல் கிளிப்பையும் 28 கேஜ் மெல்லிய வயரால் இணைப்பது. தகட்டைத் தனியாகக் கழற்றி, எமரித் தாளால் தேய்த்து, பிறகு சால்டர் வையுங்கள். போகியில் இருக்கும்போதே சூடு வைத்தால் பிளாஸ்டிக் கியர் பெட்டி இளகிவிடும். வளைவில் போகி திரும்பும், ஆகவே வயரைக் கொஞ்சம் தளர்வாக விட வேண்டும். சேஸிஸில் போகி உட்காரும் இடத்தையும் எமரியால் பளிச்சென்று தேய்த்துவிடவும். சக்கரம் கருஞ்சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருந்தால் அது பழைய இரும்புச் சக்கரம். அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிக்கல் சில்வர் சக்கரத்துக்கு மாற்றினால் பாதித் தொல்லை தீரும்.

புரோட்டோ 2000-இல் பெரும்பாலும் ஒரே வியாதிதான்: அச்சுக் கியரில் விரிசல். பிளாஸ்டிக் கியர் அச்சின் மேல் இறுக்கமாகப் பிடித்திருப்பதால் காலப்போக்கில் பிளந்துவிடுகிறது. பிளவு விழுந்த இடத்தில் இரண்டு பற்களுக்கு நடுவே இடைவெளி அகலும். சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை ‘டக்’ என்று தட்டும், எஞ்சின் நொண்டும். போகியின் அடிமூடியைத் திறந்து, நல்ல வெளிச்சத்தில் கியரின் இரு விளிம்பிலும் மயிரிழைக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். பசை போட்டு ஒட்டுவது வீண் வேலை. ஒன்று பிளந்திருந்தால் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்: ஜி.பி.9 போன்ற நாலு அச்சு எஞ்சினுக்கு 4, எஸ்.டி.9 போன்ற ஆறு அச்சு எஞ்சினுக்கு 6. இங்கே ஒரு வேடிக்கை, போட்டிக் கம்பெனியான ஆதெர்னின் கியரே இதற்குப் பொருந்தும். மாற்றியபின் சக்கர இடைவெளியை என்.எம்.ஆர்.ஏ. (அமெரிக்க மாடல் ரயில் சங்கம்) அளவுகோலில் வைத்துச் சரிபார்க்காவிட்டால், தடம் பிரியும் பாயிண்டில் போகும்போது தடம் புரளும்.

காட்டோவில் இந்த இரண்டு தலைவலியும் இல்லை. பழைய அட்லஸில் விளக்குப் பலகையின் மேல் வயர்களைப் பிடித்திருக்கும் சின்ன பிளாஸ்டிக் மூடிகள் தளர்வது வழக்கம். மூடியை எறிந்துவிட்டு வயரைச் சால்டர் வைத்தால் முடிந்தது. விலை அதிகம் என்பது மட்டுமே குறை.

டி.சி.சி.க்கு (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஓட்டும் முறை) மாற்றுவதில்தான் மூன்றுக்கும் இடையே பெரிய தூரம் விழுகிறது. காட்டோவிலும் புரோட்டோவிலும் மோட்டார் சேஸிஸைத் தொடாமல் தனித்து நிற்கிறது. ஆதெர்னில் அடிக் கிளிப்பின் கூரான நுனிகள் சேஸிஸில் குத்தி நிற்கும். அவற்றை வெட்டி, கிளிப்புக்கு அடியில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, ஆரஞ்சு வயரை ஒரு கிளிப்பிலும் சாம்பல் நிற வயரை இன்னொன்றிலும் சால்டர் வைக்க வேண்டும். சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு. மூடுவதற்கு முன் மல்டிமீட்டரில் மோட்டார் முனைக்கும் சேஸிஸுக்கும் தொடர்பு பாருங்கள்; பீப் ஒலித்தால் மின்சாரம் கொடுத்த மறுகணம் டிகோடர் புகைந்துவிடும்.

டிகோடர் வாங்கும் முன்பே இன்னொரு சோதனை: மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வரிசையாக இணைத்து, 12 வோல்ட்டில் மோட்டாரை ஓடவிட்டு, மோட்டார் தண்டில் இருக்கும் ஃப்ளைவீலை விரலால் ஒரு விநாடி அழுத்தி நிறுத்துங்கள். அப்போது காட்டும் எண் டிகோடரின் உச்ச வரம்புக்குள் இருக்க வேண்டும். பழைய ஆதெர்ன் மோட்டார் 1 ஆம்பியரைத் தாண்டுவது சாதாரணம். தாண்டினால் கம்யூட்டேட்டரை (மோட்டாரில் பிரஷ் உரசும் செம்புப் பகுதி) ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, இடுக்குகளைப் பல்குச்சியால் சுரண்டி, மறுபடி அளக்கவும். புரோட்டோவில் கவனிக்க வேண்டியது விளக்கு: பல எஞ்சின்களில் 1.5 வோல்ட் பல்பு. டிகோடரில் நேராகக் கொடுத்தால் ஒரே மின்னலில் போய்விடும். 15 மில்லி ஆம்பியர் பல்பு என்றால் 820 ஓம், கால் வாட் ரெசிஸ்டர் போதும்.

ஆதெர்னையும் காட்டோவையும் ஒரே ரயிலில் இணைத்து ஓட்ட வேண்டுமானால், பெரும்பாலும் ஆதெர்ன்தான் வேகமாக ஓடும். டி.சி.சி.யில் டிகோடரின் அமைப்பு எண்களான சி.வி.2, 6, 5 மூன்றையும் மாற்றி வேகத்தை ஒத்துவரச் செய்யலாம். எஞ்சின் எதிர்த்திசையில் ஓடினால் சி.வி.29-இன் மதிப்பு 6 என்று இருப்பதை 7 ஆக்கினால் போதும், வயரைப் பிடுங்க வேண்டாம்.

எஞ்சினோடு அமெரிக்கப் பவர் பேக்கும் சேர்ந்து வந்தால் அது 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் சொருகாமல், தகுந்த ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மட்டும் கொடுங்கள்.