மஃரிப் தொழுகைக்கு (சூரியன் மறைஞ்சதும் தொழுறது) அப்புறம் மக்தப் (குர்ஆன் ஓதக் கத்துக் கொடுக்குற வகுப்பு), பசங்கள தாராளமா சேர்க்கலாம்

கிருஷ்ணகிரியில எங்க ஏரியாவுல முன்னாடி பள்ளிவாசலே கிடையாது, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு டவுனுக்குத்தான் ஓடணும், அப்புறம் ஆளாளுக்கு சந்தா போட்டு ஒரு ஷீட் ஷெட்ல தொழுகை ஆரம்பிச்சாங்க, இப்ப அது பில்டிங் ஆகி மாடியில சின்னப் பசங்களுக்கு மக்தபும் நடக்குது. சொல்லிக் கொடுக்குற ஹஜ்ரத் செம பொறுமைங்க. என் பொண்ணு அரபி எழுத்துல அலிஃபையும் ஐனையும் ஒரே மாதிரி சொல்லிட்டு இருந்தா, அவரு தன் தொண்டையில விரல வச்சுக் காட்டி சத்தம் எங்கிருந்து வரணும்னு திரும்பத் திரும்ப சொல்லிக் கொடுத்தாரு. குர்ஆனோட கடைசி ஜுஸ்வுல (பாகத்துல) இருக்குற 37 சூராவ (அத்தியாயத்த) கடைசி சூராவான நாஸ்ல இருந்து பின்னாடியா மனப்பாடம் பண்ண வைக்கிறாங்க, சின்ன சூரா முதல்ல வர்றதால பசங்களுக்கு ஈஸி. வீட்ல உருது பேசுற பசங்களுக்கு உருதுலயும் மத்தவங்களுக்கு தமிழ்லயும் விளக்கம், நம்ம ஊருக்கு இது ரொம்பத் தேவை. ஃபீஸ்னு கறாரா எதுவும் இல்ல. ஒளு செய்யுற (தொழுகைக்கு முன்னாடி கை, முகம், கால் கழுவுற) இடத்துல குழாய்தான் பத்தல, வெள்ளிக்கிழமை பைக் நிறுத்தவும் இடமில்ல. டியூஷன் போற பசங்களுக்கு டைம் இடிக்கும், கேட்டுட்டு சேருங்க.