எண்ணெய்க் கழிவில் உலோகம்: சுண்ணாம்பா, மின்சாரமா?

லேத் வேலையும் முலாம் பூசும் வேலையும் சேர்ந்து நடக்கும் பட்டறையின் கழிவுநீரில் துத்தநாகம், நிக்கல், குரோமியம் ஆகியவை வெட்டும் கருவியைக் குளிர்விக்கும் கூலன்ட் எண்ணெயோடு கலந்து வெளியேறும். ஆறு, கால்வாய் போன்ற நீர்நிலைகளில் விடுவதற்கான பொது வரம்பு லிட்டருக்கு எண்ணெய் 10, துத்தநாகம் 5, நிக்கல் 3 மில்லிகிராம். குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவமான ஆறிணைதிற குரோமியம் 0.1 மட்டுமே. திருநெல்வேலியை ஒட்டிய பேட்டையிலோ கங்கைகொண்டானிலோ பட்டறை வைத்திருப்பவர் சுத்திகரிப்பு முறையைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்கவேண்டியது உலோகத்தை அன்று, எண்ணெயையே என்பது என் கருத்து.

கழிவுநீரில் சுண்ணாம்பு இட்டு உலோகங்களைக் கசடாகப் படியவைக்கும் சுண்ணாம்பு முறை மலிவானது. சுண்ணாம்புக்கல் தோண்டும் தாழையூத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை விலக்குவது எளிதுமன்று. ஆனால் குரோமியம், நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 8-ஐ ஒட்டி இருக்கையில் நன்றாகப் படியும்போது நிக்கல் 10-க்கு மேல்தான் படிகிறது. அந்த அளவில் குரோமியம் மறுபடி கரையத் தொடங்குவதால், இரண்டும் உள்ள நீரை இரு கட்டமாகப் படியவைக்க நேரிடும். ஆறிணைதிற குரோமியத்தை அதற்கு முன்பே அமிலத்தில் மெட்டாபைசல்பைட்டு என்ற உப்பை இட்டு, படியக்கூடிய மூவிணைதிற வடிவத்துக்கு மாற்றியாக வேண்டும். எண்ணெயை அமிலமோ படிகாரமோ இட்டு முன்னரே உடைத்து எடுக்காவிட்டால், அதிலுள்ள கொழுப்பமிலம் சுண்ணாம்போடு சேர்ந்து பிசுபிசுத்த சோப்பாகி வடிகட்டித் துணியை அடைத்துவிடும்.

கழிவுநீரில் தகடுகளை வைத்து மின்சாரம் செலுத்தும் மின்வழித் திரட்டலில் இரும்புத் தகடுகள் கரைந்து தரும் இரும்பே குரோமியத்தை மாற்றுகிறது, உலோகங்களைத் தன்னோடு படியச் செய்கிறது, எண்ணெய்த் துளிகளையும் ஒன்றுதிரட்டுகிறது. எதிர்மின் தகட்டில் எழும் ஹைட்ரஜன் குமிழிகள் அவற்றை மேலே மிதக்கவிடுகின்றன. மூன்று வேலை ஒரே தொட்டியில் முடிகிறது என்பதே இதன் கவர்ச்சி. மின்செலவைவிடத் தொல்லை தருவது தகடுகளில் படியும் படலம்தான். மின்திசையை அவ்வப்போது மாற்றி, தகடுகளைக் கழுவ ஆள் வைக்காத இடத்தில் இந்தத் தொட்டி விரைவில் வெறும் தொட்டியாகிவிடும். ஹைட்ரஜன் சேராதபடி காற்றோட்டமும் வேண்டும்.

சுண்ணாம்புக்குப் பதில் சல்பைடு உப்பை இடும் சல்பைடு முறை உலோகத்தை இன்னும் நன்றாகப் படியவைக்கும், ஆனால் பி.எச். இறங்கினால் உயிர்க்கொல்லியான ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழும் என்பதால் அதைச் சிறு பட்டறைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். நீரிலுள்ள உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் அயனிப் பரிமாற்றப் பிசினோ எண்ணெய் பட்டாலே வீணாகும்; கடைசிக் கட்ட மெருகுக்கு மட்டும் சரி.

எண்ணெய் தானாக மிதந்து பிரியும் கழிவுக்குச் சுண்ணாம்பே போதும். பால்போலக் கலந்து பிரியாமல் நிற்பதற்கு மின்வழியைத் தேர்வேன். எதுவானாலும் மிஞ்சும் கசடு 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்கு உட்பட்டது. எடைக்கணக்கில் அனுப்பவேண்டிய அதை வெயிலில் நன்றாக உலர்த்தாமல் லாரியில் ஏற்றுவது தண்ணீருக்கு வாடகை கொடுப்பதாகும்.