318,000 ரூபாய் போய்விட்டது: "வேகம் கூட்டித் தாறம்" என்று சொல்லும் கடையில் கணினி வாங்க முன் இதை வாசியுங்கள்

நேற்று மாலை கிளிநொச்சியில் ஒரு கணினிக் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்தேன். இதை எழுதும்போதும் ஆத்திரம் அடங்கவில்லை. கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஏ9 வீதியில் கணினி பொருத்தி விற்கும் கடைகளில் ஒன்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நடந்ததைச் சொல்லிவிட்டு, இப்படி நின்று நின்று போகும் கணினியைச் சோதிக்கும் முறையைக் கடைசியில் எழுதுகிறேன்.

நான் விசுவமடுவில் இருந்துகொண்டு கலியாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுப்பவன். அம்மா இரண்டு வருடம் சீட்டுக் கட்டி எடுத்த காசில்தான் இந்தக் கணினியை வாங்கினேன். ரைசன் 5 5600 புரொசெஸர், 3600 வேகத்தில் ஓடும் 16 ஜிபி றாம் (வேலை நடக்கும்போது தரவை வைத்திருக்கும் நினைவகம்) இரண்டு, கிராபிக்ஸ் கார்ட் எல்லாம் சேர்த்து 300,000 ரூபாய். காசை எண்ணிக் கொடுத்த பிறகு முதலாளி என்னை இருக்கச் சொல்லி, தேத்தண்ணி எடுப்பித்துத் தந்து, "தம்பி, இது கொம்பனி வேகத்தில ஓடினால் குடுத்த காசுக்குப் பிரயோசனமில்லை. புரொசெஸரையும் றாமையும் ஓவர்குளொக் செய்து தாறன், 18,000 தாங்கோ" என்றார். ஓவர்குளொக் என்றால் தயாரிப்பாளர் வைத்த வேகத்துக்கு மேலே ஓட வைப்பது. பில்லில் எழுதித் தரும்படி கேட்டேன். "இதுக்கெல்லாம் என்னத்துக்குத் தம்பி பில், எங்கட பிள்ளையளுக்குத்தானே செய்யிறன்" என்றார். அந்தச் சொல்லை நம்பினேன். மொத்தம் 318,000 ரூபாய். அதில் 18,000 ரூபாய்க்கு என்னிடம் ஒரு துண்டுக் கடதாசி கூட இல்லை.

மூன்றாம் நாள் இரவு, ஒரு வீடியோ பாதி ஏறிக்கொண்டிருக்கையில் திரை நீலமாகி நின்றது. மறுநாள் மூன்று தடவை நின்றது. ஒருமுறை 'மெமரி மனேஜ்மென்ட்' என்றும், இன்னொருமுறை வேறொரு பெயரிலும் பிழை வந்தது. இப்படி ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயரில் பிழை வந்தால் முதலில் றாமைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கடைக்குப் போன் எடுத்தபோது, "உங்கட பக்கம் கரண்ட் ஏறி இறங்கும் தம்பி" என்றார்கள். யூபிஎஸ் வாங்கிப் பூட்டியும் நின்றது. அடுத்த முறை "விண்டோஸைத் திருப்பிப் போட வேணும்" என்று சொல்லி அதற்கும் காசு வாங்கினார்கள். பிறகு கணினியைக் கொண்டுவந்து வைக்கச் சொன்னார்கள். முச்சக்கர வண்டி பிடித்து, பாதை முழுவதும் மடியில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். மூன்று கிழமை "கொழும்புக்கு அனுப்பியிருக்கு" என்றும், "முதலாளி வவுனியாவுக்குப் போட்டார்" என்றும் சொன்னார்கள். திருப்பி எடுத்தபோது பெட்டியின் பக்கத் திருகாணிகளின் மேல் இருந்த தூசி கூட அப்படியே இருந்தது.

இதற்கிடையில் நடந்ததுதான் எனக்குத் தாங்க முடியாதது. புதுக்குடியிருப்பில் எடுத்த ஒரு கலியாணத்தின் கோப்புகளை இந்தக் கணினிக்கு ஏற்றிவிட்டு, கமராக் கார்டை அடுத்த வேலைக்காக அழித்துவிட்டேன். கோப்பு பிரதியாகும்போது தரவு றாம் வழியாகத்தான் போகிறது. றாம் பிழைவிட்டால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கோப்பு கெட்டுப்போகும். சரியாகத் தாலி கட்டும் இடத்தில் படம் சிதறிக் கிடந்தது. அந்தப் பிள்ளையின் தகப்பனாருக்கு முன்னால் நின்று அதைச் சொல்ல நேர்ந்ததையும், அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போனதையும் நான் மறக்க மாட்டேன். முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தக் காட்சியைக் கொடுக்க என்னால் முடியாது.

கடைசியில் நானே இருந்து பார்த்தேன். 5600 புரொசெஸர் தானாக அதிகபட்சம் 4.4 கிகாஹேர்ட்ஸ் வரை போகும். அதை எல்லாக் கோர்களிலும் (புரொசெஸருக்குள் இருக்கும் தனித்தனி வேலைப் பகுதிகள்) 4.6 என்று பூட்டி, 1.4 வோல்ட் கொடுத்து, பெட்டியோடு வந்த சின்ன விசிறியோடு விட்டிருந்தார்கள். அந்தப் புரொசெஸருக்கு உச்ச வெப்ப எல்லை 90 பாகை. எங்கள் தகரக் கூரைக்குக் கீழே மத்தியான நேரத்தில் அது சில நிமிடங்களிலேயே அந்த எல்லையைத் தொட்டது. பாகங்களின் விபரத்தைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருளில் பார்த்தபோது, இரண்டு றாமில் ஒன்றுதான் 3600 என்றும் மற்றது 3200 என்றும், இரண்டும் ஒற்றைச் சனலில், அதாவது தரவு போகும் ஒரே பாதையில், ஓடுகின்றன என்றும் தெரிந்தது. புரொசெஸரிலிருந்து எண்ணினால் இரண்டாம், நான்காம் துளைகளில் போட வேண்டியவற்றை முதலாம், இரண்டாம் துளைகளில் பக்கத்துப் பக்கத்தில் குத்தியிருந்தார்கள். பயோஸ் எனப்படும் அடிப்படை அமைப்புகளை நினைவில் வைத்திருக்கும் சீமொஸ் மின்கலத்தைக் கழற்றிப் பூட்டி எல்லாவற்றையும் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவந்து, றாமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென்ட்ரைவிலிருந்து ஓடவிட்டு, ஒவ்வொரு றாமையும் தனியே இரண்டாம் துளையில் வைத்து இரவிரவாகச் சோதித்தேன். 3600 றாம் நான்கு சுற்றும் பிழையின்றித் தேறியது. மற்றது வேகம் எதுவும் கூட்டாத நிலையிலேயே முதற் சுற்றில் சிவப்புச் சிவப்பாகப் பிழைகளைக் காட்டியது. ஆக, ஓவர்குளொக்கைக் கழற்றிய பிறகும் நிற்காத பழுது அது. பழுதான றாமைத்தான் எனக்கு விற்றிருக்கிறார்கள்.

அந்தச் சோதனையின் படத்தைப் போனில் எடுத்துக்கொண்டு நேற்றுப் போனேன். முதலாளி படத்தைப் பார்க்கவே இல்லை. "பயோஸில கை வைச்சிருக்கிறியள் தம்பி, ஓவர்குளொக் செய்த சாமானுக்கு வொறண்டி இல்லை" என்றார். 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டு அதைச் செய்தவரே அவர்தான்! "அண்ணை, நீங்கள்தானே செய்து தந்தனீங்கள்" என்றேன். "பில்லில இருக்கோ?" என்று கேட்டுவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார். எனக்குத் தேத்தண்ணி தந்த அதே கதிரையில் அந்தப் பெடியன் இருந்தான். ஓவர்குளொக்கால் வரும் சேதத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று புரொசெஸர் தயாரிப்பாளரே எழுதியிருப்பது உண்மைதான். அதைத் தெரிந்துகொண்டே என் காசில் என் உத்தரவாதத்தை அழித்து, பழுதான றாமை அதற்குப் பின்னால் ஒளித்திருக்கிறார்.

318,000 ரூபாய். அம்மாவுக்கு இன்னும் முழுவதும் சொல்லவில்லை.

விளக்கமாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது முடியவில்லை. வேகம் கூட்டித் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். றாமின் வேகத்தையும் தொடர் இலக்கத்தையும் பில்லில் எழுதுவியுங்கள். கடையை விட்டு வெளிக்கிட முன் அங்கேயே மெம்டெஸ்ட் ஒரு சுற்றாவது ஓடவிடச் சொல்லுங்கள். அவர்கள் மறுத்தால் காசைக் கொடுக்காதீர்கள். சோதித்து முடியும் வரை கமராக் கார்டை அழிக்காதீர்கள்.

என் பில்லில் 3600 றாம் இரண்டு என்று தெளிவாக எழுதியிருக்கிறது, பெட்டிக்குள் இருப்பது ஒன்றுதான். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு இன்று காலை எடுத்தேன். திங்கட்கிழமை பில்லையும் இரண்டு றாமையும் கொண்டு கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போகிறேன்.